மறுஆய்வுக்குப் போன என் இடது கால்

என்னால் மாடிப்படி ஏற முடியாது என்று சான்று எழுதிக் கொடுக்கும் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று சிலர் நினைப்பார்கள். பெங்களூரில் அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறை போய் வந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இரண்டரை வயதில் வந்த போலியோ என் இடது காலை எடுத்துக்கொண்டது. வலது காலை ஏனோ விட்டுவிட்டது. இடது காலுக்குத் தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் வைத்த ஒரு காலிப்பர், கையில் ஒரு ஊன்றுகோல். இந்த இரண்டோடும்தான் கல்யாணம் செய்துகொண்டேன், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பொம்மனஹள்ளிக்குக் குடிவந்தேன், ஒரு மகளை வளர்த்தேன். இருபத்தைந்து வருடமாக ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட நோட்ஸ், கருமாதிப் பத்திரிகை, தமிழிலும் கன்னடத்திலும், கொஞ்சம் ஆங்கிலத்திலும். இரண்டு மூன்று படி என்றால் ஏறிவிடுவேன். அந்த அலுவலகத்துக்கு முப்பத்தெட்டு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். ஆள் நேரில் வர வேண்டும் என்பது விதி. நான் கீழே நின்றுகொண்டேன். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் என் வீட்டுக்காரர் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். அவர் மேலே போய், யாராவது கீழே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"சீட்டை விட்டு வரக் கூடாதாம். சரி, ஜன்னல் வழியா எட்டிப் பாருங்கன்னேன். பார்த்தாங்க. மூஞ்சி சரியாத் தெரியலையாம்."

நான் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு படி மேலே வைத்தேன். பிறகு அடுத்தது. என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார், நான் விடவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கணவனின் தோளில் ஏறி அரசு அலுவலகத்துக்குள் போக எனக்கு மனமில்லை. ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். ஒருவர் என் பக்கத்தில் சில்லறை வைத்துவிட்டுப் போனார். அதைத் திருப்பிக் கொடுக்க அவர் பின்னால் ஓட எனக்கு வசதியில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, புடவையெல்லாம் தூசியாக, குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்றேன். மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலிப்பரைப் பார்த்தார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது.

"நீங்களே படி ஏறி வந்துட்டீங்களே மேடம்," என்றார் கன்னடத்தில். "அப்புறம் ஏற முடியாதுன்னு நான் எப்படி எழுதறது?"

குறிப்பு எழுதும் கட்டத்தில் "தானாகவே படி ஏறி வந்தார்" என்று எழுதி, மறுபடி மருத்துவப் பரிசோதனை செய்து வரும்படி அனுப்பிவிட்டார். இறங்கும்போதும் நான் தானாகவேதான் இறங்கினேன்.

இந்த இடத்தில் வக்கீலம்மாவைச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவருடைய அப்பாவின் முதல் வருட நினைவு ஆராதனைக்கு எங்கள் அச்சகத்தில் அட்டை அடிக்கக் கொடுத்திருந்தார். "நித்திய இளைப்பாறுதல்" என்பதை எங்கள் கம்ப்யூட்டர்ப் பையன் "நித்திய களைப்பாறுதல்" என்று அடித்து வைத்திருந்தான். நான் வட்டம் போட்டு, நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பாவுக்கு அதுவும் கரெக்ட்தான் அக்கா. ஃபார்ட்டி இயர்ஸ் ரயில்வேல ஓடினாரு."

அன்றிலிருந்து பழக்கம். படிக்கட்டுக் கதையை நான் சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டார். இரண்டு வாரத்தில் பெரிய கோர்ட்டில் ரிட் மனு போட்டுவிட்டார். எனக்காக இல்லை, தனக்கு ஆத்திரம் தீர்வதற்காக என்று சொல்லிக் கட்டணம் வாங்க மறுத்தார்.

இலாகா ஒரு பதில் மனு போட்டது. கட்டடம் பழையது, சாய்தளம் கட்ட இடமில்லை, கீழ்த்தளத்தில் வேறு இலாகா இருக்கிறது, ஊழியர் பற்றாக்குறை, எங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள்மேல் மிகுந்த மரியாதை உண்டு. பதினான்கு பக்கத்துக்கு இதே பாட்டு.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஒன்பது பக்கம். மனித கண்ணியம் என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. ஒரு குடிமகள் தன் உரிமையைக் கேட்டு அரசின் படிக்கட்டில் தவழ வேண்டியதில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்குள் சாய்தளமோ லிஃப்ட்டோ வைக்க வேண்டும், முடியாவிட்டால் அலுவலகத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும், அதுவரை அதிகாரி கீழே இறங்கி வந்து பார்க்க வேண்டும். வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடும் பழக்கம் விடவில்லை. பதினோராவது பத்தியில் பென்சில் தானாக நின்றது. "இரண்டு கால்களும் செயலிழந்த மனுதாரர்" என்று இருந்தது.

"மேடம், இங்க தப்பு இருக்கு. எனக்கு ஒரு கால்தான்."

அவர் எட்டிப் பார்த்தார். "விடுங்க அக்கா. ஜெயிச்ச ஜட்ஜ்மென்ட்ல யாராவது ப்ரூஃப் பார்ப்பாங்களா?"

நான் விட்டுவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் தெரிந்தே ஒரு பிழையை விட்டது அந்த ஒருமுறைதான். இரண்டு கால் போனவள் என்றால் இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கும் என்று என் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை நான் அப்போது பெருக்கவில்லை.

தீர்ப்பின் நகலோடு அலுவலகத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மேலே எடுத்துப் போய்க் கொடுத்தார். முறையான வழியில் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் இறங்கி வருகிறோம் என்றார்களாம். மூன்று மாதம் முடிந்தது. யாரும் இறங்கவில்லை. நாலாவது மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கனமான உறை வந்தது. இலாகா மறுஆய்வு மனு போட்டிருந்தது.

எனக்கு மேல்முறையீடு தெரியும். கீழே தோற்றவர் மேலே போவது. மறுஆய்வு என்றால் என்ன என்று வக்கீலம்மாவைக் கேட்டேன்.

"அதே ஜட்ஜ்கிட்டயே மறுபடி போறது அக்கா. சார், நீங்க கொடுத்த தீர்ப்பை நீங்களே இன்னொரு தரம் பாருங்கன்னு கேக்கறது."

"அவர் பார்ப்பாரா? எழுதினவருக்குத் தன் பிழை தெரியாது. அதுக்குத்தானே என்னை மாதிரி ஆளை வெச்சிருக்காங்க."

"அதனாலதான் சும்மா பார்க்க மாட்டாங்க. தோத்துட்டோம், பிடிக்கலைன்னு எல்லாம் சொல்லக் கூடாது. ஒண்ணு, பார்த்த உடனே கண்ல அடிக்கிற தப்பா இருக்கணும். உட்கார்ந்து வாதாடித்தான் தப்புன்னு நிரூபிக்கணும்னா அது தப்பே இல்லை, அதுக்கு அப்பீல் போகணும். இல்லேன்னா புதுசா ஒரு ஆதாரம் கிடைச்சிருக்கணும். அதுவும் எவ்ளோ தேடியும் முன்னாடி கிடைக்காததா இருக்கணும். வேற தகுந்த காரணம்னு மூணாவது ஒண்ணு இருக்கு. அதுவும் இந்த ரெண்டு மாதிரியேதான் இருக்கணும்னு சொல்லிடுவாங்க."

"மனித உரிமைத் தீர்ப்புக்கும் இதேதானா?"

"இதேதான். கண்ணியத்துக்குத் தனி வாசல் எல்லாம் கிடையாது."

பிறகு மனுவைப் புரட்டி, இலாகா சொல்லும் காரணங்களைப் படித்துக் காட்டினார். முதல் காரணம், பார்த்த உடனே தெரியும் பிழை. மனுதாரருக்கு இரண்டு கால்கள் அல்ல, ஒரு கால் மட்டுமே செயலிழந்தது. ஆகவே தீர்ப்பின் அடித்தளமே தவறு. எனக்கு முகம் சுருங்கியது. நான் வட்டம் போடாமல் விட்ட பிழைக்கு இலாகா வட்டம் போட்டிருந்தது. அரசு ஊழியர்கள் எதையும் கவனமாகப் படிப்பதில்லை என்று நான் சொல்லித் திரிந்ததை அன்று வாபஸ் வாங்கினேன்.

இரண்டாவது காரணம், புதிய ஆதாரம். உரிய அக்கறையோடும் இடைவிடாத தேடலோடும் இலாகா ஆராய்ந்ததில், மேற்படி கட்டடத்தில் ஏற்கெனவே ஒரு லிஃப்ட் இருப்பது இப்போது தெரியவந்துள்ளது.

வக்கீலம்மா காகிதத்தைக் கீழே வைத்தார். "லிஃப்ட்டைக் கண்டுபிடிச்சிருக்காங்க அக்கா."

அந்த வாரமே நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பார்க்கப் போனோம். கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு இடது புறம், ஒரு சாமி படமும் அதன் கீழே ஊதுபத்தி நிலையும் இருந்தன. பக்கத்தில் ஒரு மேஜையில் அறிவிப்புப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. படத்துக்கும் பலகைக்கும் பின்னால் இரும்புக் கதவு. படியேறத் தொடங்கிய அன்று அந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். லிஃப்ட்டைத்தான் கும்பிட்டிருக்கிறேன்.

காவலாளி ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"இது லிஃப்ட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"லிஃப்டா? நான் வந்து ஏழு வருஷா ஆயித்து சார். ஏதோ பீரோன்னு நெனச்சேன். மேல இருந்து பழைய ஃபைலு கொடுத்தா உள்ள வெச்சுப் பூட்டுவேன்."

அவரே கதவை இழுத்துத் திறந்து காட்டினார். கூரைவரை கட்டுக்கட்டாகக் கோப்புகள், கால் உடைந்த ஒரு நாற்காலி, போன பிள்ளையார் சதுர்த்திக்குக் கட்டிய காகிதத் தோரணம். என் வீட்டுக்காரர் ஃபோனில் நாலைந்து படம் எடுத்தார். காவலாளி தோரணத்தை ஒழுங்குபடுத்திவிட்டு, நன்றாக வந்ததா என்று கேட்டார்.

லிஃப்ட் விஷயம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கால் விஷயம்தான் உறுத்தியது. எங்கள் தொழிலில் ஒரு பிழை கிடைத்தால் முதலில் கேட்பது, இது எங்கிருந்து வந்தது என்பதுதான். எழுதிக் கொடுத்த பிரதியிலேயே இருந்ததா, அடிக்கும்போது நுழைந்ததா. நீதிபதி என்னைப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டாவது காலை அவரே கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்குக் கட்டு முழுவதையும் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். அச்சகத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் பார்ப்பதுபோல, என் வீட்டுக்காரரை வாசிக்கச் சொன்னேன். அவருடைய ஆங்கிலம் மெஷின் கையேட்டோடு நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பிழை பார்க்க அப்படிப்பட்டவர்தான் நல்லவர், எதையும் தாண்ட மாட்டார். எங்கள் மனுவில் இடது கால், இடது கால் என்று பதினோரு தடவை வந்தது. டாக்டர் சான்றிதழில் இடது கால். குமாஸ்தாவின் குறிப்பில் கால் என்ற பேச்சே இல்லை. பிறகு இலாகாவின் பதினான்கு பக்கப் பதில் மனு. ஆறாவது பக்கத்தில் அவர் நின்றார்.

"போத் லெக்ஸ்னு போட்டிருக்கு."

"முழு வரியையும் படிங்க."

அவர் விரல் வைத்துப் படித்தார். இரண்டு கால்களும் செயலிழந்த மனுதாரர், தாமே வந்து சிரமப்படாமல், தம் சார்பில் ஒருவரை அனுப்பியிருக்கலாம். நேரில் வந்தே தீர வேண்டும் என்று துரத்திய அதே அலுவலகம் எழுதியது. எழுதிய வேகத்தில் என் வலது காலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். நீதிபதி அவர்கள் சொன்னதை நம்பியிருக்கிறார். இப்போது, எங்களை எப்படி நம்பலாம், இது பெரும் பிழை என்று அவரிடமே போயிருக்கிறார்கள்.

வக்கீலம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "அக்கா, பக்க நம்பர் சொல்லுங்க," என்றார். சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார். ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தமாகச் சிரிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

விசாரணை நாளில் எங்கள் வழக்குக்கு முன்னால் இன்னொரு மறுஆய்வு மனு வந்தது. அறுபது வயது இருக்கும் ஒருவர், பிளாஸ்டிக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வக்கீல் இல்லாமல் தானே நின்றார். வேலையிலிருந்து நீக்கியது சரிதான் என்று தீர்ப்பாகியிருந்ததாம். அதன்பிறகு வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பெட்டியில்தானே இருந்தது, முதலிலேயே தேடியிருக்கலாமே என்று நீதிபதி கேட்டார். அவர் கடிதத்தை எடுத்து நீட்டினார். மனு தள்ளுபடி. நான் ஊன்றுகோலைச் சரியாக வைத்து உட்கார்வதற்குள் முடிந்துவிட்டது. அவர் கடிதத்தை மறுபடி பிளாஸ்டிக் கோப்புக்குள் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரு தயவு அவருக்குக் கிடைத்தது.

அடுத்து எங்கள் வழக்கு. பெட்டியில் இல்லை, தன் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு லிஃப்ட்டைத் தேடிக் கண்டுபிடித்த இலாகாவுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது.

அரசு வக்கீல் சாதுவான மனிதர், ஜலதோஷம் வேறு. கைக்குட்டையை மடித்து மடித்துப் பேசினார். இரண்டு கால்களும் இல்லாதவர் என்ற எண்ணத்தில் நீதிமன்றம் கருணை காட்டியிருக்கிறது. உண்மையில் ஒரு கால் நன்றாக இருக்கிறது. எனவே அந்த அளவுக்கு உத்தரவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். எந்த அளவுக்கு என்று சொல்லவில்லை. பாதிப் படிக்கட்டு என் பொறுப்பு, மீதி அரசின் பொறுப்பு என்று வரும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நான் உரிமையைப் பற்றி எழுதியதாகத்தான் நினைவு," என்றார் நீதிபதி. "கருணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அரசு வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

நீதிபதி என் பக்கம் பார்த்தார். கன்னடத்தில் கேட்டார், "எந்தக் கால் அம்மா?"

"இடது கால்."

"தீர்ப்பை வாசித்தீர்களா?"

"வாசிச்சேன் சார். நான் ப்ரூஃப் ரீடர்."

"அப்படியானால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்குமே?"

வக்கீலம்மாவின் தோள் லேசாக அசைந்தது. படவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபத்தைந்து வருட வேலைக்கு அவமானம், பொய்க்கும் பொய்.

"பட்டுச்சு சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"எனக்குச் சாதகமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தார். தோற்றோம் என்று நினைத்தேன். நீதிபதி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். கோபமாகவும் இல்லை, மெச்சுவதாகவும் இல்லை.

"பிழை என்னுடையது," என்றார். "எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை."

அப்போதுதான் வக்கீலம்மா எழுந்து, பதில் மனுவின் ஆறாவது பக்கத்தைத் தயவுசெய்து பார்க்க வேண்டும் என்றார். நீதிபதி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தை அரசு வக்கீலையே உரக்க வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்தார். "இரண்டு கால்களும்" என்ற இடம் வரும்போது அவருக்குத் தும்மல் வந்தது.

லிஃப்ட்டுக்கு வந்தார்கள். இலாகா அதிகாரி பின்னாலிருந்து அழைக்கப்பட்டார்.

"இது எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது?"

"கட்டடம் கட்டினதிலிருந்தே இருக்கு சார்."

"உங்கள் இருக்கை அதிலிருந்து எவ்வளவு தூரம்?"

"அதுக்கு எதிர்லதான் சார். மேல."

"கடைசியாக எப்போது ஓடியது?"

அதிகாரி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று தோன்றியது. "திறப்பு விழா அன்னைக்கு ஓடுச்சுன்னு சொல்வாங்க சார்."

என் வீட்டுக்காரர் எடுத்த படங்களை வக்கீலம்மா கொடுத்தார். தோரணம் நன்றாகத்தான் வந்திருந்தது.

நீதிபதி அங்கேயே உத்தரவைச் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில் அதன் சாரம் இதுதான். ஒரு நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்தலாம், ஆனால் வழக்கை மறுபடி முதலிலிருந்து கேட்பதற்கு அது வழியில்லை. நீதிமன்றம் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்பது இப்போது மாற்றக் காரணமாகாது. இரண்டு கால் என்றது பிழைதான், ஆனால் அதை நீக்கினாலும் முடிவு அப்படியே நிற்கும். ஒரு சொல்லை அடித்துத் திருத்தினால் போதும், வீட்டை இடிக்க வேண்டியதில்லை. தன் அலுவலக வாசலில் இருந்ததைத் தேடியும் கிடைக்கவில்லை என்று இலாகா சொல்வதை ஏற்க முடியாது. கிடைத்திருந்தாலும், ஓடாத லிஃப்ட் யாரையும் மேலே கொண்டுபோகாது. மனு தள்ளுபடி. ஆனாலும் லிஃப்ட் இருப்பதை இலாகாவே பிரமாணப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால், ஆறு வாரத்தில் அதை ஓடவைத்துத் தெரிவிக்க வேண்டும்.

சாய்தளத்துக்கு இடமில்லை என்று இழுத்துக்கொண்டே போயிருக்கக்கூடியவர்கள், தாங்களாகவே போய் லிஃப்ட்டைக் காட்டி மாட்டிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மா என்னை முறைத்தார்.

"சாதகமா இருந்துச்சு, விட்டுட்டேன். கோர்ட்ல சொல்ற பதிலா அக்கா அது? எனக்கு ஹார்ட்டே நின்னுடுச்சு."

"நீங்கதானே விடச் சொன்னீங்க. உங்க பேரைச் சொல்லலையே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

அவர் என் பையை வாங்கிக்கொண்டார். கேன்டீனில் டீ குடித்தோம். அந்த பிளாஸ்டிக் கோப்பு மனிதர் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா போய்ப் பேசிவிட்டு வந்தார். அப்பீலுக்கும் நாள் தாண்டிவிட்டதாம். அதே விதி, அதே நீதிபதி, அதே காலை நேரம். எனக்கு வந்த நல்ல தீர்ப்பைக் காப்பாற்றிய கதவுதான் அவர் முகத்தில் சாத்தப்பட்டிருந்தது. ஜெயித்த டீ கொஞ்சம் ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆறு வாரம் என்றது எட்டு வாரமாயிற்று. லிஃப்ட்டுக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, மாலை கட்டி ஓடவிட்டார்கள். சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். எனக்கு அழைப்பு இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மருத்துவப் பரிசோதனையெல்லாம் முடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். மேலிருந்து ஊழியர்கள் லிஃப்ட்டில் இறங்கினார்கள். கீழ்த்தளத்து இலாகாக்காரர்கள் சும்மா மேலே போய் வந்தார்கள். படிக்கட்டில் ஆளே இல்லை. அந்தக் கட்டடத்தில் கால் நன்றாக இருந்த எல்லோருக்கும் திடீரென்று லிஃப்ட் தேவைப்பட்டது. நான் இரண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

என் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவும் அவருடைய மகளும் நின்றார்கள். மகள் ஏதோ கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சேலத்துப் பேச்சு.

"போன வருஷம் வந்தப்ப இது இல்லைங்க," என்றாள் என்னிடம். "அம்மாவைத் தூக்கிட்டுப் போக ரெண்டு ஆளுக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு. யாரோ கேஸ் போட்டு வந்துச்சாம்."

"அப்படியா?"

"யாராச்சும் பெரிய ஆளா இருக்கும். நம்மள மாதிரி ஆளுங்க போட்டா நடக்குமா?"

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எந்தக் காலால் ஜெயித்தேன், எதை விட்டுவிட்டு ஜெயித்தேன் என்றெல்லாம் விளக்க வேண்டியிருக்கும். லிஃப்ட் வந்து நின்றது. மேலே போக வரிசையில் பின்னால் நின்ற ஒரு ஊழியர் எங்களைத் தாண்டி உள்ளே நுழையப் பார்த்தார். நான் ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே நீட்டினேன்.

"அடுத்ததுல வாங்க சார்," என்றேன் கன்னடத்தில். "படி இருக்கே. நீங்க தானாகவே ஏறலாம்."

அவர் ஒதுங்கினார். முகம் கோணியது. அந்தப் பெண் நாற்காலியை உள்ளே தள்ளினாள், நான் பின்னால் போனேன். உள்ளே பழைய காகித வாசனை இன்னும் போகவில்லை. அந்த அம்மா பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே அழுத்தட்டுமா என்று மகளைக் கேட்டார்.